இரண்டு கட்டடங்களுக்கு ஒரே அடையாள எண்

படூரில் ஒரு கல்லூரியில் வலையமைப்புப் பொறுப்பாளனாக நான் சேர்ந்தது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில். பழைய மகாபலிபுரம் சாலையில் அப்போது கட்டடங்களைவிடச் சவுக்குத் தோப்புகளே அதிகம். கல்பாக்கத்திலிருந்து வரும் காலைப் பேருந்தில், ஓ.எஸ்.பி.எஃப் என்ற வழித்தட நெறிமுறையின் கையேட்டை மடியில் விரித்து வைத்திருப்பேன். அந்த நெறிமுறை எனக்கு ஒரு நல்ல சமூகத்தின் ஒழுங்காகவே தோன்றியது: ஒவ்வொரு சுவிட்சும் தன் இணைப்புகளை மட்டும் உண்மையாக அறிவிக்கும், அந்த அறிவிப்புகளைக் கோத்து எல்லாச் சுவிட்சுகளும் ஒரே வரைபடத்தை வரைந்துகொள்ளும், குறைந்த செலவுள்ள பாதையைத் தாமே கணக்கிடும்.

புதிய ஆய்வகத்துக்கு ஒப்பந்த ஊழியர் ஒருவர் மணலைத் தோண்டிக் கேபிள் பதித்திருந்தார். என்னைவிட மூத்தவர், அவருடைய பெற்றோர் அதே வட்டாரத்தில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நான் நூலகச் சுவிட்சின் அமைப்பை நகலெடுத்து, முகவரிகளை மாற்றி, ஆய்வகச் சுவிட்சில் ஏற்றினேன். அன்றிலிருந்து இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது.

“கேபிள் சரியில்ல. ஒப்பந்தக்காரர்கிட்ட அந்த ஆள மாத்தச் சொல்லிட்டேன், வெள்ளிக்கிழமையோட சரி” என்றார் துறைத்தலைவர். நானும் தலையாட்டினேன்.

இரண்டாம் முறையாகப் பள்ளத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டு அந்த ஊழியர் என்னிடம் வந்தார்.

“இன்னா சார், கேபிள் அறுந்தா அறுந்ததுதான். வந்து வந்து போவ அது இன்னா புதுமாப்பிள்ளையா? சுவிட்சு லைட்டப் பாரு, அணையவே இல்ல.”

உண்மைதான். சுவிட்சுகளின் பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி அடையாள எண் இருக்கவேண்டும்; நூலகமும் ஆய்வகமும் ஒரே எண்ணில் பேசிக்கொண்டிருந்தன. ஒன்றின் அறிவிப்பை மற்றது தன் பழைய அறிவிப்பென்று எண்ணித் திருத்த, வரைபடம் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தது. நகலெடுத்தபோது அந்த ஒரு வரியை மாற்ற மறந்திருந்தேன். எண்ணை மாற்றி, நெறிமுறையை மறுபடி தொடங்கியதும் இணைப்பு நிலைத்தது.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. என் பணி நிரந்தரம் அந்த மாதம்தான் முடிவாகவிருந்தது. அவருக்கோ வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வேலையே இல்லை. தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன்.

துறைத்தலைவர் படித்துவிட்டு, “வாயால சொன்னா போதாதா தம்பி?” என்றார்.

“ஒப்பந்தக்காரருக்குக் காட்ட எழுத்து வேணும், சார்.”

அந்த ஊழியரின் வேலை தங்கியது. என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. செய்தி சொல்லப் போனபோது, பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை என்னிடம் நீட்டினார்.

“ஒரு நம்பர வுட்டுட்டு என்ன ரெண்டு வாட்டி தோண்ட வெச்சிட்ட. மீதிய நீயே மூடு சார்.”

பாதிகூட மூடியிருக்க மாட்டேன், உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அவர் நிழலில் உட்கார்ந்து, நான் மண்வெட்டி பிடிக்கும் அழகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.