ஈ டிரைவில் ஒன்றும் இல்லை

டெல்லி நேரு பிளேஸில் எங்கள் வீட்டுக் கணினியைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த கடைக்காரர், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரே ஹார்டு டிஸ்க்கை சி, டி, ஈ, எஃப் என்று நான்காகப் பிரித்து வைத்திருந்தார். சி போனாலும் மற்றவை தப்பிக்கும் என்பது இங்கே பாதிப் பேருடைய நம்பிக்கை. டிஸ்க்கே போனால் நான்கும் சேர்ந்துதான் போகும் என்று யாரும் யோசிப்பதில்லை. எங்கள் வீட்டில் சி விண்டோஸுக்கு, டி என் கணவருக்கு, எஃப் பொதுவுக்கு. பொது என்றால் அவர் வீட்டுக் கல்யாண வீடியோக்கள். எனக்கு ஈ. உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, அதுவாக அப்படி அமைந்துவிட்டது.

நான் நர்ஸ். வார்டு வேலையோடு, மருத்துவமனைத் தரவுகளை ஆராயக் கற்றுத் தரும் படிப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். ஆன்லைனில் நடக்கும் செய்முறை வகுப்புக்கு லினக்ஸ் என்ற இயங்குதளம் வேண்டும், திங்கட்கிழமைக்குள் சொந்தக் கணினியில் அது ஓடவேண்டும், முடியாவிட்டால் அடுத்த பேட்ச்சில் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த பேட்ச் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் ஆசைப்பட்ட எத்தனையோ காரியங்கள் அடுத்த பேட்ச்சுக்குப் போய் அங்கேயே கிடக்கின்றன.

குருகிராமில் ஐடி வேலை பார்க்கும் என் கொழுந்தன் சனிக்கிழமை மதியம் ஜனக்புரிக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். விண்டோஸும் இருக்கட்டும், பக்கத்திலேயே லினக்ஸும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். கறிக்குழம்பு சாப்பிட்ட கை காய்வதற்குள் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

"கொஞ்சம் எடம் ஒதுக்கணும் மதினி. எந்த டிரைவ காலி பண்ணலாம்?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சோபாவிலிருந்து என் கணவரின் பதில் வந்தது. "ஈ-ய எடுல. அதுல ஒண்ணும் கெடையாது. இவ நோட்ஸ்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் இல்லையாம். புதிதாக வரும் நர்ஸுகளுக்கு நான் வருஷக்கணக்காகத் தயாரித்த பாடங்கள் அதில் இருக்கின்றன. என் சான்றிதழ்கள், சர்ச் பாடகர் குழுவுக்கு நான் குரல் பிரித்து எழுதிய பாட்டுகள் எல்லாம் அதில்தான். டி டிரைவில் என்ன இருக்கிறது? முடிவு தெரிந்த கிரிக்கெட் ஆட்டங்களும், ஒரே செல்போன் படங்களை மூன்று தடவை பிரதி எடுத்துப் போட்ட மூன்று ஃபோல்டர்களும். அதிலும் பாதிக்கு மேல் வெற்றிடம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் டிஸ்க்கில் இளைத்தது ஈ.

"டி பாதி சும்மாதானே கெடக்கு? அதச் சுருக்குங்க தம்பி" என்றேன்.

அவன் டி-யைத் தேர்ந்து, சுருக்கு என்று கட்டளை கொடுத்தான். இவ்வளவுதான் சுருங்கும் என்று கணினி காட்டிய அளவு ஒரு சினிமாவுக்குக்கூடக் காணாது. அவ்வளவு காலி இடம் கண்ணெதிரே இருக்கிறது, எடுக்க விடமாட்டேன் என்கிறது.

"பாத்தீங்களா, டி சுருங்காது மதினி. நகத்த முடியாத ஃபைல் ஏதோ நடுவுல இருக்கு. ஈ-யவே அழிச்சிருவோம், ஜல்தி முடிஞ்சிரும்."

ஒரு கட்டிலில் இருப்பவருக்கு வலி என்றால் நாங்கள் பக்கத்துக் கட்டில்காரரைக் கிழிப்பதில்லை. எப்போதிலிருந்து இப்படி, இதற்கு முன்னால் யார் என்ன மருந்து கொடுத்தார்கள் என்றுதான் முதலில் கேட்போம். அதையே அவனிடமும் கேட்டேன். "போன கிறிஸ்மஸுக்கு வந்தப்ப இதுல என்னமோ செஞ்சீங்களே, அது என்ன?"

தலையைச் சொறிந்தான். "அச்சா, அதுவா? ரொம்ப மெதுவா ஓடுதுன்னு அண்ணன் சொன்னான்லா. மெமரி பத்தாதப்ப விண்டோஸ் எழுதி வைக்கிற ஒரு ஃபைல் உண்டு. அத சி-லருந்து டி-க்கு மாத்தி வச்சேன். அதான் நகராம உக்காந்திருக்கு போல."

போலவாம்! இவன் கொண்டுவந்து உட்கார்த்திய ஃபைல் நகராது, அதற்காக என் பாடங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சத்தமாகவே சொன்னேன், பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்டிருந்தாலும் எனக்குக் கவலையில்லை. அவனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவன் வழி சொல்ல, அந்த ஃபைலைத் திரும்ப சி-க்கு மாற்றி, கணினியை அணைத்துப் போட்டேன். மறுபடி சுருக்கச் சொன்னபோது டி மறுபேச்சில்லாமல் சுருங்க முன்வந்தது.

அப்போதுதான் என் கணவர் சோபாவை விட்டு எழுந்து வந்தார். "ஏய், டி-ல கைய வைக்கதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்தியா?"

"ஈ-ய அழின்னு சொன்னப்ப இந்தக் கேள்வி எங்க போச்சு?"

எல்லா டிரைவையும் முந்தின நாளே வெளி டிஸ்க் ஒன்றில் நான் பிரதி எடுத்திருந்தேன், அவருடைய கிரிக்கெட் உட்பட. அதை உடனே அவரிடம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

லினக்ஸ் நிறுவும் திரையிலும் எனக்குக் கோபம்தான். டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு என்பதுதான் முதல் வரி, அதன் பக்கத்தில் புள்ளியும் முன்கூட்டியே வைத்தாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்து, அடுத்து என்று அமுக்குகிறவர்களின் வீடு என்ன ஆவது? நான் கடைசி வரிக்குப் போனேன். இடத்தை நாமே பிரித்துக் காட்டும் வழி அங்கேதான் இருந்தது. டி விட்டுக்கொடுத்த இடத்தை மட்டும் காட்டினேன், ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்து நிறுவினேன். ஈ-யில் ஒரு எழுத்துகூட அசையவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் என் திரையும் மற்றவர்களுடையதைப் போலவே திறந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

அன்று சாயங்காலம் என் கணவர் கணினியைப் போட்டார். அதில் இப்போது முதலில் ஒரு பட்டியல் வரும். மேலே லினக்ஸ், அதற்குக் கீழே விண்டோஸ். கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடாவிட்டால் கணினி தானாக லினக்ஸில் போய் நிற்கும்.

"என்ன இது, என்னுது கீழ கெடக்கு?" என்றார்.

"கீழ் அம்ப ஒரு தடவ அமுக்குங்க, வரும்."

"தெனம் இத அமுக்கிட்டு இருக்கணுமா நான்?" என்று கேட்டுவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டார். ஒரு வரியை மாற்றினால் போதும், ஒரு நிமிட வேலை, மதினியிடம் கொடு, சொல்லித் தருகிறேன் என்று அவன் சொல்வது எனக்கே கேட்டது.

அந்த வரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போனை வாங்கி அவனிடம், சாப்பிட்டீங்களா தம்பி என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன். என் கணவர் இன்றைக்கும் கீழ் அம்பை அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.