தொலையாத விசிலுக்கு உடைத்த தேங்காய்

நான் ஒரு உயிரையும் சுட்டதில்லை. ஆனால் ஏழு வருடங்கள் வேட்டைக்குப் போயிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாத மனிதர் ஞாயிற்றுக்கிழமை காட்டில் என்ன செய்கிறார் என்று பாரிசில் எங்கள் ஆட்கள் கூடுகிற லா சப்பல் தேநீர்க் கடையில் பலர் கேட்டிருக்கிறார்கள். சாமான் பார்க்கிறேன் என்று சொல்வேன். சுடுவது அவர்களுடைய பாவம், சுடுவதற்கு வேண்டிய சின்னச் சின்னச் சாமான்கள் புல்லுக்குள் தொலையாமல் பார்ப்பது என்னுடைய வேலை. இந்த நியாயம் மேலே எடுபடுமோ தெரியாது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்த குற்றம் வேறு.

நான் வேலை செய்த உணவகத்தின் முதலாளி ஒரு பிரெஞ்சுக்காரர். சமையலறையில் அவரைப் பத்ரோன் என்போம். ஐம்பது மீற்றருக்கு அப்பால் பறக்கிற பறவையை விழுத்துவார், நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியைத் தேடுவார். பாரிசுக்குத் தெற்கே, குளமும் ஊசியிலை மரங்களுமான ஓரிடத்தில் சிநேகிதர்களோடு வேட்டையாடப் போய், ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒன்றை அங்கே விட்டுவிட்டு வருவார். நாயின் கழுத்து மணி, காதுக்குள் வைக்கும் அடைப்பான், உண்ணி பிடுங்குகிற சின்னக் கொளுக்கி. ஒருமுறை வேட்டை அனுமதி அட்டையையே சதுப்புக்குள் விட்டுவிட்டு வந்தார்.

ஒரு சனிக்கிழமை அவர் இதைச் சொல்லிப் புலம்பியபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பாடசாலைப் பௌதிக ஆய்வுகூடம் என் பொறுப்பில் இருந்தது, நிறைப்பெட்டிகளில் ஒரு படிக்கல்கூடத் தொலைந்ததில்லை என்று பெருமையடித்தேன். நிறைப்பெட்டியில் ஒவ்வொரு பித்தளைப் படிக்கல்லுக்கும் ஒவ்வொரு குழி. மணியடித்ததும் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். ஒரு குழி வெறுமையாக இருந்தால் வகுப்பில் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. பத்ரோன் இதைக் கேட்டுவிட்டு மறுநாளே என்னைக் காரில் ஏற்றினார்.

நான் ஒரு தகரப் பெட்டிக்குள் தடித்த ஸ்பொஞ்சைப் பொருத்தி, சமையல் கத்தியால் ஒவ்வொரு சாமானின் வடிவத்துக்கும் குழி வெட்டினேன். விதிகளும் வைத்தேன். பெட்டியைப் புல்லின் மேல் திறக்கக் கூடாது. முதலில் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். ஒன்றைத் திரும்ப வைக்காமல் இன்னொன்றை எடுக்கக் கூடாது. இருந்த இடத்தை விட்டு எழும்பும் முன் குழிகளைப் பார்க்க வேண்டும். இரண்டு பருவம் ஒரு சாமானும் தொலையவில்லை. பத்ரோன் தன் சிநேகிதர்களிடம் என்னை ‘எங்கள் பேராசிரியர்’ என்று அறிமுகப்படுத்தத் தொடங்கினார். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கியது உண்மை.

பிறகுதான் வன்னிக்காரர் வந்தார். 2009க்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர், நாற்பது வயது, எங்கள் சமையலறையில் கோப்பை கழுவினார். பாரிசின் புறநகரான பொபினியில் ஓர் அறையில் நாலு பேரோடு இருந்தார். மனைவியும் இரண்டு மகள்களும் ஊரில். அவருக்கு விசா கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். விசாவுக்கு, தொடர்ந்து வேலை தருவேன் என்று பத்ரோன் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஜனவரியில் அவருக்கு விசா அலுவலகத்தில் ரந்தேவு, நேரில் வரச் சொல்லிக் குறித்த நாள். அந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துச் சொன்னதே நான்தான். சமையலறையில் எல்லோருடைய கடிதமும் என்னிடம்தான் வரும்.

நம்பி என் கடைக் கதவின் திறப்பைக் கொடுக்கக் கூடிய ஆளுக்குத்தான் கையெழுத்திடுவேன், அவரையும் வேட்டைக்குக் கூட்டி வா, ஆளைப் பார்ப்போம் என்றார் பத்ரோன்.

வன்னிக்காரர் காட்டில் என் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“மாஸ்ரர், இது வீட்டிலை வைக்கிறதுக்கு நல்ல பெட்டி.”

“ஏன், காட்டுக்கு என்ன குறை?”

“சாமான் பெட்டிக்குள்ளை இருக்கேக்கை தொலையாது. கையிலை இருக்கேக்கைதான் தொலையும்.”

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் செம்மஞ்சள் நிற நைலோன் நூலோடு வந்தார். ஒவ்வொரு சாமானையும் நூலில் கட்டி, மறுநுனியைப் பத்ரோனின் மேலங்கியில் முடிந்தார். கை நீளத்துக்கு மேல் நூல் விடவில்லை, முள்ளில் மாட்டும் என்றார். கட்ட முடியாதவற்றுக்கு, சருகுக்குள் கண்ணில் படும்படி ஒரு செம்மஞ்சள் வால் வைத்தார். ஏதாவது விழுந்தால் காலை நகர்த்தாதே, விழுந்த இடத்தில் தொப்பியைப் போடு, தொப்பியிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் தடவிக்கொண்டு போ என்று பத்ரோனுக்குச் சைகையாலேயே பாடம் எடுத்தார். அன்றைக்கே கடலையளவு காது அடைப்பான் ஒன்றை இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். என் பெட்டி காரின் பின்பக்கத்திலேயே கிடந்தது. அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் அங்கேதான் கிடந்தது.

நவம்பரில் ஒரு நாள் எதிர்பாராத வெயில். மதியச் சாப்பாட்டுக்கு இருந்தபோது பத்ரோன் மேலங்கியைக் கழற்றி ஒரு கிளையில் கொழுவினார். வன்னிக்காரர் நாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். மேலங்கியில் பத்ரோனின் நாய் விசில் தொங்கியது. மான்கொம்பில் செய்தது, சுண்டுவிரலளவு, அவருடைய தகப்பனார் வைத்திருந்தது. நாய் அந்தச் சத்தத்துக்கு மட்டும்தான் திரும்பி வரும்.

நான் முடிச்சைப் பார்த்தேன். நாலு முடிச்சு. மூன்றை நகத்தால் அவிழ்த்தேன். நாலாவதுக்குப் பல் தேவைப்பட்டது. என் முன்பற்களில் இரண்டு சொந்தமில்லாதவை என்பதால் அது துணிச்சலான காரியம். நூலை அப்படியே தொங்க விட்டு, விசிலைக் காற்சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன். திட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. வெறும் நூலைக் கண்டு வன்னிக்காரர் கொஞ்ச நேரம் வேர்க்க வேண்டும். பிறகு நான் விசிலை நீட்டி, பெட்டிக்குள் இருந்திருந்தால் இது நடக்குமா என்று கேட்க வேண்டும். இந்த ஒரு வசனத்துக்காக அறுபத்திரண்டு வயது மனிதன் பல்லால் நூல் அவிழ்த்தேன்.

நாய் என் திட்டத்தைக் கேட்டு நடக்கவில்லை. கோப்பி குடித்து முடிவதற்குள் ஒரு முயல் குறுக்கே பாய, அதன் பின்னால் நாயும் போய்விட்டது. பத்ரோன் ஓடிப்போய் மேலங்கியைத் தொட்டார். கையில் வந்தது நூல். அப்போதே விசிலைக் கொடுத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், பத்ரோனின் முகத்தைக் கண்டு மூடினேன். நாய் ஓடிய பக்கம் இரண்டு கிலோமீற்றரில் வாகனங்கள் பறக்கிற பெருந்தெரு இருந்தது.

வன்னிக்காரர் தண்ணீரோடு வந்து நூலின் நுனியைப் பார்த்தார். வெட்டுமில்லை, அறுப்புமில்லை. மேலங்கி தொங்கிய இடத்துக்குக் கீழே தொப்பியைப் போட்டுவிட்டு முழங்காலில் இருந்து தடவத் தொடங்கினார். நானும் அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து தேடினேன். விசிலைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, ஒரு சருகு விடாமல், மிக ஒழுங்காகத் தேடினேன். சிறிது நேரத்தில் அவர் தடவுவதை நிறுத்திக் கண்ணை மூடினார்.

“பஜோல் பிள்ளையாரே, நாய் திரும்பி வந்திட்டால் உன்ரை தேருக்கு நூற்றியெட்டுத் தேங்காய்.”

லா சப்பலில் பஜோல் தெருக் கோயில் பிள்ளையாருக்கு அவர் வைத்த நேர்த்திக்கடன் அது. மரங்களுக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போனேன். எவருடைய கண்ணிலும் படாத தூரம் போய், விசிலை ஒருமுறை ஊதினேன். வாயில் முயல் மயிரோடு நாய் வந்து என் கையை நக்கியது. அந்தக் குற்றத்துக்கு அது ஒன்றுதான் சாட்சி. திரும்புவதற்கு முன் விசிலில் கொஞ்சம் சேறு பூசினேன். இதை எழுதும்போதுதான் என்னை எனக்கே பிடிக்கவில்லை. திருடியது ஒரு வேகத்தில், சேறு பூசியது நிதானமாக யோசித்து.

சருகுக்குள் கிடந்தது என்றேன். பத்ரோன் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். மற்ற வேட்டைக்காரர்கள் கை தட்டினார்கள். வன்னிக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்களால் தப்பினேன் என்றார்.

திரும்பும் வழியில் பத்ரோன் படிவத்தைப் பற்றிப் பேசினார். கோபமாகச் சொல்லவில்லை. வேட்டைப் பருவம் முடியட்டும், மார்ச்சில் பார்ப்போம் என்றார். ரந்தேவு ஜனவரியில். வன்னிக்காரருக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்கும். பாரிசின் சுற்றுவீதி வரும்வரை கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். என் மடியில் அந்தத் தகரப் பெட்டி இருந்தது. பத்ரோன்தான் திரும்ப என்னிடம் தந்திருந்தார்.

திங்கட்கிழமை, கழுவும் தொட்டிக்கு மேலே தண்ணீர் நிரப்பிய ஒரு தேநீர்க் கேத்தல் நூலில் தொங்கியது. அதே நூல், அதே நாலு முடிச்சு. வியாழக்கிழமை வரை தொங்கியது. அவிழவில்லை.

“மாஸ்ரர், நீங்கள் பௌதிகம் படிப்பிச்சனீங்கள். அண்டைக்கு இது ஏன் கழண்டது?”

காலைக் குளிரில் நைலோன் சுருங்கும், முடிச்சு இளகும் என்றேன். அதோடு விடாமல் விரிவுக் குணகம் பற்றி ஒரு சின்ன விளக்கமும் கொடுத்தேன். அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார். வெள்ளிக்கிழமை காலை நான் ஆழ்குளிர்ப் பெட்டியைத் திறந்தபோது, இறைச்சிக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு கரண்டி நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சில் உறைபனி. அவர் பின்னால் வந்து நின்று இழுத்துக் காட்டினார்.

“குளிருக்கும் கழரேல்லை, மாஸ்ரர். அப்ப பிழை என்ரை கையிலைதான்.”

அன்று மாலை வேலை தொடங்கும் முன் பத்ரோனிடம் போனேன். அவர் ஒரு வாத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன், சேறு உட்பட. கத்தியை வைத்துவிட்டு, நாய் வருவதற்கு எத்தனை தரம் ஊதினாய் என்று கேட்டார். ஒருதரம் என்றேன். ஒரு கணம் நாயை நினைத்துப் பெருமைப்பட்டார். பிறகு முகம் மாறியது.

“உன்னால் நான் ஒரு நேர்மையான மனிதனைத் தெருவில் விட இருந்தேன்.”

பேனாவை என்னையே எடுத்துவரச் சொன்னார். படிவத்தின் எல்லாப் பக்கத்தையும் என் கையாலேயே நிரப்ப வைத்துவிட்டு அடியில் கையெழுத்திட்டார். அவரிடம் நீயே சொல், நான் சொல்ல மாட்டேன் என்றார்.

ஞாயிறு வேட்டை இல்லாத ஒரு மழை நாளில், ரூ பஜோல் கோயிலில் பூசை முடிந்து சப்பாத்துப் போடும்போது சொன்னேன்.

“தம்பி, அந்த விசில் விழேல்லை. நான்தான் அவிட்டது.”

அவர் ஒரு சப்பாத்தைக் காலிலும் மற்றதைக் கையிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

“நாலு முடிச்சையுமோ?”

“ஓம். கடைசியைப் பல்லாலை.”

“என்ரை பிள்ளையளின்ரை விசாவெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. கடிதம் வாசிச்சதே நீங்கள்.”

தெரியும் என்றேன். படிவம் கையெழுத்தாகிவிட்டது என்பதைச் சொல்லி அதைக் கொடுத்தேன். அவர் அதை வாசிக்காமல் சட்டைக்குள் வைத்தார். மழையில் தெருமுனை வரை நடந்தோம். அங்கேயும் நான் என் படிப்பைக் காட்டினேன்.

“அந்த நூற்றியெட்டுத் தேங்காய்க்கு நீர் கடமைப்படேல்லை. சாமான் தொலையாமலே வைச்ச நேத்தி செல்லாது.”

“நான் விசிலைக் கேக்கேல்லை, மாஸ்ரர். நாயைக் கேட்டனான். நாய் வந்தது.”

“அது நான் ஊதினதாலை வந்தது.”

“உங்களை ஆர் ஊத வைச்சது?” அவர் முதல்தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். “நேத்தி வைச்சது நான். முதல் தேங்காயை நான் உடைக்கிறன். மிச்சத்தை நீங்கள் உடையுங்கோ.”

அடுத்த தேர்த் திருவிழாவில், லா சப்பல் நடுத்தெருவில், நூற்றியேழு தேங்காயும் நான் உடைத்தேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார், சத்தமாக எண்ணினார். முப்பதில் தோள் போனது. எண்பதுக்குப் பிறகு நானே முந்தி எண்ணி ஒன்றைத் தாண்டப் பார்த்தேன்.

“எண்பத்திரெண்டு, மாஸ்ரர். எண்பத்திமூண்டில்லை.”

வயதான மனிதர் இவ்வளவு பக்தியாக உடைக்கிறாரே என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. ஒரு பெண் தன் குழந்தையைக் கொண்டுவந்து என்னிடம் ஆசீர்வாதம் கேட்டாள். நான் தலையில் கை வைத்தேன். வன்னிக்காரர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது தெரிந்தது.

அவருக்கு விசா கிடைத்தது, குடும்பமும் வந்து சேர்ந்தது. அவர்கள் வீட்டில் நான் எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறேன். பத்ரோன் உணவகத்தை விற்கும்வரை ஞாயிறுகளில் ஒன்றாகவே வேட்டைக்கும் போனோம். சாமான்கள் அவர் பொறுப்பில், என் பெட்டி என் வீட்டில். ஒவ்வொரு ஞாயிறும் திரும்பக் காரில் ஏறும் முன் அவர் எல்லா நூலையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். பிறகு எல்லோருக்கும் முன்னால் என்னிடம் வந்து நிற்பார்.

“மாஸ்ரர், பொக்கற்.”

நான் இரண்டு பொக்கற்றையும் வெளியே இழுத்துக் காட்டுவேன். வெறுமையான இரண்டு வெள்ளைத் துணி நாக்குகள் தொங்கும். அவர் குனிந்து பார்த்துத் தலையாட்டுவார். பகிடிதான். ஆனால் பார்க்காமல் ஒருநாளும் விட்டதில்லை. மற்ற வேட்டைக்காரர்கள் இது எங்கள் நாட்டு வழக்கம் என்று நினைத்தார்கள். அவர்களில் மிக வயதானவர், ஒரு பனிக்கால மாலையில், துப்பாக்கியை உறைக்குள் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று, மிகுந்த பயபக்தியோடு தன் பொக்கற்றுகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். வன்னிக்காரர் அவருடையதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.