எதிர்சாரியில் ஆள் இல்லாமல் வரைந்த ராக்கெட்டுகள்

சுவரில் படம் வரைகிற தொழிலுக்குக் கை ஒன்று போதும், கண் மட்டும் நான்கு வேண்டும். இரண்டு கண் சுவரை ஒட்டி. மற்ற இரண்டு தெருவின் எதிர்சாரியில். ஏணிமேல் நிற்பவனுக்கு மூக்கு தெரியும், முகம் தெரியாது. ஏணியேறிப் பிழைத்த தோழர்களே, உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு அந்த மற்ற இரண்டு கண் கோதண்டம். ஒரே மில், ஒரே சங்கம். சங்கத்துக்காக நான் சுவரில் எழுதுவேன். அவன் எதிர்சாரியில் நின்று வரி ஏறுகிறது, இறங்குகிறது என்று குரல் கொடுப்பான். வேலைநிறுத்தம் முறிந்ததும், மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் மில் திரும்ப எடுத்துக்கொண்டது. மூன்று பெண் குழந்தைகளின் தகப்பன் அவன், போட்டான். நான் போடவில்லை. அதோடு நின்றிருக்கலாம். துரோகி என்று அவன் பெயரைப் போட்டு நோட்டீஸ் அச்சடித்து, மில் வாசலில் நின்று நானே விநியோகித்தேன். அன்றோடு பேச்சு நின்றது. கொஞ்ச நாளில் சங்கமும் என் வீட்டுக்கு வழி மறந்தது.

பிரஷ்தான் மிச்சம். நிலாவில் ஆள் இறங்கிய புதிது என்பதால் புதுச்சேரியில் கடைக்குக் கடை ராக்கெட் கேட்டார்கள். எனக்கு ராக்கெட் சாஸ்திரம் தெரியும், எல்லாம் மலிவுப் பிரசுரங்களில் படித்தது. விண்கலத்தை விட்டு வெளியே வந்து முதன்முதலாக மிதந்த ருஷ்யர், மிதந்து போய்விடாதபடி கலர் பென்சில்களை நூலில் கட்டி எடுத்துப்போய், அங்கிருந்தே சூரிய உதயத்தை வரைந்தாராம். அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பாவம், அவருக்கும் எதிர்சாரி கிடையாது.

நிலாவில் கிராப்பு

முதல் வேலை ஒரு சலூன். பெயர்ப் பலகையில் நிலாவில் நிற்கும் மனிதன் வேண்டும் என்றார் கடைக்காரர். பத்திரிகைப் படத்தில் கட்டம் போட்டு, பலகையிலும் கட்டம் போட்டு, இரண்டு நாள் உழைத்து வரைந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இறங்கி, நானே ரோட்டைக் கடந்து, நானே பார்த்து, நானே திரும்பி வந்தேன். கடைக்காரர் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார்.

அங்கே காற்று கிடையாது, கழற்றினால் அந்த நிமிஷமே உயிர் போய்விடும் என்று பத்து நிமிஷம் விளக்கினேன். வாடிக்கையாளர் ஒருவர் பாதி முகத்தில் சோப்போடு பள்ளிப் பிள்ளை போலக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரரும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "அவன் செத்தா சாவட்டும் சார், சலூன் போர்டுல முடி தெரியணும்."

வைத்திக்குப்பத்தில் அறிவியல் பிரசாரம்

ஸ்கைலாப் என்கிற அமெரிக்க விண்கூடம் உடைந்து விழப்போகிறது என்று ஊரே நடுங்கிய வருஷம். கோயில்களில் கூட்டம். மூடநம்பிக்கையை ஒழிப்பது என் கடமை என்று கிளம்பினேன். யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட ஆளும் இல்லை. வைத்திக்குப்பத்தில் வலை வைக்கிற கொட்டகைச் சுவரில் உலக உருண்டையை வரைந்தேன். அதன்மேல் உடைந்து வருகிற விண்கூடத்தை வரைந்தேன். கீழே ஆளுயர எழுத்தில் எழுதினேன்: பூமியில் பெரும்பகுதி கடலே, ஆகவே கடலில்தான் விழும், மக்களே அஞ்ச வேண்டாம்.

மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு படகும் இறங்கவில்லை. அத்தனையும் மணலில். ஆண்கள் சுவருக்கு எதிரே உட்கார்ந்து என் எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் இருந்திருந்தால், இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று முதல் வரியிலேயே கேட்டிருப்பான். காலிக் கூடையோடு நின்ற மீன்காரம்மா ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ரோட்டுல இருக்கறவனுக்கு தைரியம் சொல்லிட்டு, அத எங்க தலையில போட்டுட்டியே சாமி" என்றாள்.

சொல்தா வீட்டுக் கதவு

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒருவர் கூப்பிட்டு அனுப்பினார். பிரான்சும் ராக்கெட் விட்டுவிட்டது, அதைத் தன் வீட்டு வாசல் கதவில் வரைய வேண்டும் என்றார். பக்கத்தில் கொடியும் இருக்க வேண்டும், அந்த மூன்று நிறக் கொடி.

பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போராட்டத்தில் அந்தக் கொடியைக் கம்பத்திலிருந்து இறக்கிக் கிழித்தவன் நான். அதற்காக வாங்கிய அடி மழைக்காலத்தில் தோளில் இன்னும் வலிக்கும். சொல்தாவுக்கும் அது தெரியும், தெரிந்தேதான் கூப்பிட்டிருக்கிறார். வீட்டில் உலை வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வரைந்தேன். நிறங்களின் வரிசையை அவரிடம் கேட்கவில்லை, கிழித்தவனுக்கு மறக்குமா? ராக்கெட் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, அது அவர் கண்ணில் படவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்து, தலை குனிந்து வணங்கி, பிரெஞ்சில் நன்றியும் சேர்த்துச் சொன்னார்: "அன்னிக்கு எறக்கினதும் நீங்க, இன்னிக்கு ஏத்தினதும் நீங்க. மெர்சி, முசியே."

இடது கண்

நம் நாட்டுக்காரர் ஒருவர் முதன்முதலாக விண்ணுக்குப் போன வருஷம், கதிர்காமத்தில் ஒரு படிப்பகத்தார் அவர் முகத்தைச் சுவர் முழுக்க வரையச் சொன்னார்கள். சாயங்காலம் திறப்பு விழா. முகம் மட்டுமே ஆள் உயரம். அவ்வளவு பெரிய முகத்தை நான் தனியாக வரைந்ததில்லை. அன்று அது தேறாவிட்டால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவது என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். வயது ஏறிவிட்டது. முட்டி ஏணிக்கு ஒத்துழைக்கவில்லை.

மத்தியானத்துக்குள் இருபது தடவை ஏறி இறங்கினேன். கண்ணில் ஏதோ கோளாறு. கீழிருந்து பார்த்தால் தெரிகிறது, மேலே ஏறினால் மறைந்துவிடுகிறது. போகிறவர் ஒருவர் நின்று, இவருக்கு மாறுகண்ணா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார். ஏணியிலேயே நெற்றியைச் சாய்த்து நின்றேன். இறங்கத் தெம்பில்லை.

அப்போதுதான் எதிர்சாரி டீக்கடையிலிருந்து குரல் வந்தது. இடது கண் ஒரு விரல் இறங்கியிருக்கிறது என்றது. நான் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. அழித்து, ஒரு விரல் ஏற்றினேன். இன்னும் ஒரு நூல் என்றது குரல். ஏற்றினேன். சரியா என்று சுவரைப் பார்த்தே கேட்டேன். கிளாஸைப் பெஞ்சில் வைக்கிற சத்தம் கேட்டது. "கண்ணு சரியாயிடுச்சி" என்றான் கோதண்டம். "அன்னிக்கு நான் போட்ட கையெழுத்தும் சரிதான்."

விண்ணுக்குப் போனவரோடு தரையிலிருந்து ஒரு கூட்டமே ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததாம்; ஏணிக்குப் போன என்னோடு டீக்கடையிலிருந்து ஒருத்தன் பேசவே பதினைந்து வருஷம் ஆயிற்று.