இரண்டாவது பொட்டலம்

எங்கள் ஊரில் முடிவெடுக்கத் துப்பில்லாதவர்கள் பூப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் வாழை இலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் எடுத்தால் வாக்கு சுத்தமாக இருக்காதாம். பெண் கொடுத்தது, கிணறு வெட்டியது, கோர்ட்டுக்குப் போனது எல்லாம் இப்படித்தான். நல்லபடியாக முடிந்தால் அம்மன் சொன்னாள் என்பார்கள். நாசமாகப் போனால் தலையெழுத்து என்பார்கள். எப்படியும் அம்மனுக்கு நஷ்டம் கிடையாது.

என் அப்பா விஷயத்தில் பொட்டலம் எடுத்தது நான். அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதையோரமாக அப்பாவுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அதில் செம்புக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டிக் கொடுப்பார். டிப்ளமா படித்தவர். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். வெயில் தாழ்ந்ததும் பெரியப்பாவோடு மல்லாட்டைக் கொல்லைக்கு, வேர்க்கடலைச் செடிக்குத் தண்ணீர் கட்டப் போவார். போகும்போது சைக்கிள் முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துக்கொள்வார். பெரிய வருமானம் இல்லை, பெரிய கஷ்டமும் இல்லை. அவருக்கு அது போதும். அம்மாவுக்குப் போதாது.

அம்மாவின் அக்கா மெட்ராஸில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் சொல்லிவைத்து, மெட்ராஸுக்குப் பக்கத்தில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. எங்கள் தெருவில் யாரும் கேள்விப்படாத சம்பளம். வருஷம் போகப் போக இன்னும் ஜாஸ்தி ஆகும் என்றார்கள். அப்பா வேலை ஆர்டரை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு மறுபடி காயில் கட்டப் போய்விட்டார்.

"படத்துக்குப் பின்னாடி வெச்சா அது குஞ்சு பொரிக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"இங்க இன்னா கொறஞ்சி போச்சி?"

"உங்களுக்கு ஒண்ணும் கொறயல. கொடத்த வெச்சிகினு கொழாயாண்ட நிக்கிறது நானு. இவ இங்கியே படிச்சா நாளைக்கு இவளும் அங்கதான் நிப்பா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினார். அவர் எப்போதுமே அப்படித்தான். எரிந்த மோட்டாரைப் பிரித்தால் எந்தச் சுற்றில் கோளாறு என்று சொல்வார். பெண்டாட்டியிடம் 'எனக்குப் போக இஷ்டமில்லை' என்று மட்டும் சொல்ல வராது. பெரியப்பாவிடம் போய்க் கேட்டார். பெரியப்பா 'இருடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா இருந்திருப்பார். அவர் சொல்லவில்லை. நாளைக்குத் தம்பி முன்னேற்றத்தைக் கெடுத்தவன் என்று பேர் வந்துவிடுமே என்ற பயம். அவர்தான் பூப் போட்டுப் பார்க்கிற யோசனையைச் சொன்னார்.

அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. அம்மன் கோயிலுக்கு ஒயரிங் செய்து டியூப் லைட் மாட்டிக் கொடுத்தவர் அவர். கூலி வாங்கவில்லை. அந்த நன்றி அம்மனுக்கு இருக்கும் என்று நம்பியிருப்பார். பாவம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனோம். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் போவது, சிவப்பு அரளி வந்தால் இருப்பது என்று பேசிக்கொண்டார்கள். பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்களின் வேலை. அம்மா தலை முழுகி, ஈரத் தலையோடு வீட்டிலிருந்தே இரண்டையும் கட்டி எடுத்து வந்திருந்தாள். பூசாரி அவற்றை வாங்கி அம்மன் காலடியில் போட்டுக் குலுக்கினார். கற்பூரம் எரிந்தது. எனக்குச் சிவப்பு வர வேண்டும். சிவப்பு, சிவப்பு என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடிக் கையை நீட்டினேன்.

பூசாரி நாரை அவிழ்த்தார். உள்ளே வெள்ளை நந்தியாவட்டை.

அப்பா அந்தப் பூவையே பார்த்தார். பிறகு பூசாரியிடம், பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியாரிடம் கேட்பதுபோல, "இன்னொரு தரம் போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

"ஆத்தா ஒருக்காதான் சொல்லுவா. மறுக்கா கேட்டா அவள நம்பலன்னு அர்த்தம்."

"செரி" என்றார் அப்பா. அவ்வளவுதான். ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கையும் அந்த 'செரி'யில் முடிந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துப் பெரியப்பா, "அழாதம்மா, ஆத்தா உத்தரவு" என்று தேற்றினார்.

எல்லோரும் வேப்பமரத்தடியில் பொங்கல் சாப்பிட உட்கார்ந்தார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அது அம்மனோடது என்பது வழக்கம். பூசாரி அதைப் பழைய மாலைகள் கிடந்த குவியலில் போட்டிருந்தார். எனக்குக் கிடைக்காத சிவப்புப் பூவைக் கையிலாவது எடுத்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது. போய் எடுத்துப் பிரித்தேன்.

உள்ளே வெள்ளை நந்தியாவட்டை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சிவப்பு அரளியை அம்மன் வெள்ளையாக்கிவிட்டாள். அப்பா மெட்ராஸ் போவதில் அவளுக்கு அவ்வளவு பிடிவாதம். இதைவிடப் பெரிய அதிசயத்தை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. பொங்கல் பானையைக் கழுவ அம்மா பம்பு செட்டுக்குப் போயிருந்தாள். அங்கே ஓடினேன்.

"அம்மா, இதுவும் வெள்ளையாயிடுச்சிம்மா."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சாம்பல் கை. வலித்தது.

"யாராண்ட காட்டின?"

"உங்கிட்டதான்."

பூவை என் கையிலிருந்து பிடுங்கி, இலையோடு சேர்த்துக் கசக்கி, வாய்க்கால் சேற்றில் காலால் மிதித்துப் புதைத்தாள். "ஆத்தா செஞ்ச அதிசயத்த வெளிய சொன்னா கண்ணு அவிஞ்சி பூடும். அப்பாவாண்ட கூட சொல்லக்கூடாது" என்றாள். பிறகு பானை விளிம்பில் ஒட்டியிருந்த பொங்கலை விரலால் வழித்து எடுத்து, அதிலிருந்த முந்திரியை எனக்கு ஊட்டினாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சாமியும் அம்மாவும் நானும் மட்டும் அறிந்த ரகசியம் என்று பூரித்துப்போய்த் திரிந்தேன்.

அப்பா முதலில் பௌர்ணமிதோறும் வந்தார். மலை சுற்ற வருகிற கூட்டத்தில் மெட்ராஸிலிருந்து நின்றுகொண்டே வருவார். வந்தவர்கள் மலையைச் சுற்றுவார்கள், அவர் வீட்டில் படுத்துத் தூங்குவார். பிறகு வருவது கம்மியானது. பிறகு எங்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குள்ளேயே குழாய் வந்தது. நான் இங்கிலீஷில் படித்தேன். அப்பாவுக்குப் பதவி ஏறியது, சம்பளம் ஏறியது, சர்க்கரையும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை வீட்டு மொட்டை மாடியில் நின்று கீழே போகிற பஸ்களைப் பார்ப்பார். யாராவது ஊருக்கே திரும்பிவிடலாமே என்றால், "அம்மனே அனுப்பி வெச்சிருக்கா, நானா எப்படிப் போறது" என்பார். வயதாகும் முன்பே செத்துப்போனார். உடம்புதான் ஊருக்குப் போனது. சாவு வீட்டில் பெரியப்பா, "ஆத்தா வாக்கை மீறாதவன்" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.

அந்த இரண்டு வெள்ளைப் பூவைப் பற்றி அவளிடம் நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டால், அந்தச் சம்பளம் இல்லாமல் நீ எங்கே படித்திருப்பாய் என்பாள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. பதில் இல்லை என்பதற்காகக் கோபம் போய்விடுமா?

அப்பா முதல்முறை கிளம்பியபோது நானும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். புது பேக். இஸ்திரி போட்ட சட்டை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் தலையைத் தடவினார்.

"பாப்பா, அன்னிக்கு நீ பாத்து எடுத்தியா, சும்மா எடுத்தியா?"

"சும்மாதாம்பா."

"பக்கத்துல இருந்தத எடுக்கணும்னு தோணவே இல்லியா?"

என் தோளில் இருந்த அம்மாவின் கை இறுகியது. ரகசியத்தைச் சொல்லக் கூடாது. அப்பாவிடம் பொய்யும் சொல்லக் கூடாது. எனக்கு நல்ல பதில் ஒன்று கிடைத்தது.

"எத எடுத்திருந்தாலும் வெள்ளதாம்பா வந்திருக்கும்."

அப்பா கையை உள்ளே இழுத்துக்கொண்டு, மலை இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பஸ் நகர்ந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாமியே இவ்வளவு பிரியப்பட்டு அனுப்பி வைக்கும்போது இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் நான் சிரித்துக்கொண்டே கையாட்டினேன்.