ஒர்தான்ஸ் நிரப்பிய பீப்பாய்கள்

ஒர்தான்ஸ் என்ற பெயரை நான் முதலில் கேட்டபோது எங்கள் அம்மா கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். "அண்ணன் வீட்டுக்கு மருமக வரப்போறா. பர்கண்டிக்காரி. நம்ம ஜூராவுல பொண்ணே பொறக்காத மாதிரி" என்று சொல்லி, இறகை இன்னும் வேகமாகப் பிடுங்கினாள். பிரான்சில் எங்கள் ஜூராவுக்கு அடுத்த ஒயின் சீமைதான் பர்கண்டி. அண்ணன் என்றது அனத்தோல் மாமாவை. அவருடைய ஒரே மகன் ரெமிதான் மாப்பிள்ளை.

மாமாவின் திராட்சைத் தோட்டம் ஒரு காலத்தில் கன்னிமாடத்துச் சகோதரிகளுடையது. பிரெஞ்சுப் புரட்சியில் அவர்களைத் துரத்தி ஏலம் விட்டபோது மாமாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா எடுத்தார். பிறகு வேரில் பூச்சி விழுந்து கொடியெல்லாம் பட்டுப்போக, மாமாவின் அப்பா அந்தப் பூச்சிக்கு அசையாத அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டார். சிவப்பும் வெள்ளையும் ஊரில் எல்லாரும் போடுவதுதான். அந்த வீட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது மஞ்சள் ஒயின்.

அதைப் பீப்பாயில் ஊற்றிவிட்டால் ஆறு வருஷத்துக்குத் தொடக் கூடாது. தானாக வற்றும், மேலே காலியிடம் விழும், பாலில் படிவதுபோல ஓர் ஆடை படரும். அந்த ஆடைக்குக் கீழேதான் அக்ரூட் வாசனை பிறக்கிறது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ரொட்டியை வாயால் சாப்பிட யாரும் சொல்லித் தராதது மாதிரி.

ஒர்தான்ஸ் பிறந்ததும் ஒயின் வீடுதான். ஆனால் பர்கண்டியில் பீப்பாய் ஒரு விரல் குறைந்தாலும் ஊற்றி நிரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டுப் புளித்துப்போகும். குறைந்த பீப்பாய் வைத்திருப்பவனைச் சோம்பேறி என்பார்கள்.

கல்யாணமான சில மாதத்தில் ரெமியை ராணுவத்துக்கு எடுத்து அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில் மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாடியிலிருந்த மஞ்சள் ஒயின் அறையின் சாவியை மருமகளிடம் கொடுத்து, ஜன்னலைத் திறந்து வை, குளிர் உள்ளே வரட்டும் என்று மட்டும் சொன்னார். அதுவரை அவள் அந்த அறைக்குள் போனதே இல்லை.

மாமா திரும்பி வந்த அன்று அம்மாவும் நானும் சூப் வைக்கப் போயிருந்தோம். ஒர்தான்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, உங்க பீப்பாயெல்லாம் எவ்வளவு குறைஞ்சு கெடந்துச்சு தெரியுமா? கீழ இருந்த புது வெள்ளை ஒயினைச் சுமந்துட்டுப் போய் எல்லாத்தையும் வாய் வரைக்கும் நிரப்பிட்டேன். ஒண்ணுகூட விடல."

அம்மாவின் கரண்டி பானைக்குள்ளேயே நின்றுவிட்டது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேலே ஏறினார். நாங்கள் மூவரும் பின்னாலேயே போனோம்.

ஒவ்வொரு பீப்பாயாக விரலை மடக்கித் தட்டினார். எதிலும் வெற்றொலி இல்லை. நாலைந்தைத் தட்டிக் கேட்டது போதாதா என்று நினைத்தேன். கடைசிப் பீப்பாய்வரை தட்டிக்கொண்டே போனார். ஒன்றின் அடைப்பைத் திறந்தபோது, கிழிந்த ஆடை வெள்ளைத் துணுக்குகளாக வாயோரம் மிதந்தது.

"இங்க நிரப்பக் கூடாதுன்னு யாராவது உங்கிட்ட சொன்னாங்களா?" என்று மாமா கேட்டார்.

"இல்லையே மாமா. ஏன்?"

ஏன் என்று அம்மாதான் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒர்தான்ஸ் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. கெட்டது ஆறு வருஷமாகச் சேர்ந்த ஒயின் அத்தனையும், அந்தக் குளிர்காலத்தில் புட்டியில் அடைக்க வேண்டியது உட்பட.

"இவளை ஊருக்கு அனுப்பிடுங்க அண்ணா. ரெமிக்கு நான் எழுதிக்கிறேன்" என்றாள் அம்மா.

"நானே போயிடறேன் மாமா" என்றாள் ஒர்தான்ஸ்.

மாமா திறந்த அடைப்பை மறுபடி மூடினார். பிறகு, "நீ போனா பீப்பாய் குறைஞ்சிடுமா? ரப்பர் குழாயை எடுத்துட்டு வா. ஊத்தினவதான் இறக்கணும்" என்றார்.

"இவளையா மறுபடியும் தொட விடறீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"சொல்லாதது நாம, யூஜெனி. அவ இல்ல."

அம்மா சால்வையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மாமாவின் சவப்பெட்டி வெளியே போன நாள்வரை அந்த வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை.

அவர்கள் இரண்டு பேருமாகப் பழைய மட்டம்வரை இறக்கினார்கள். வசந்தத்தில், வடக்கு ஜன்னல் ஓரத்து வரிசையில் மட்டும் ஆடை மறுபடி படர்ந்தது. மற்றதெல்லாம் வினிகர்க்காரன் வண்டியில் போயிற்று. பல வருஷம் அந்த வீட்டிலிருந்து சொல்லும்படியாக மஞ்சள் ஒயின் வெளியே வரவில்லை. அவரால் எப்படி அவளை அந்த வீட்டிலேயே இருக்கவிட முடிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாமா இறந்தார், பல வருஷம் கழித்து ரெமியும் இறந்தான். ஒர்தான்ஸ் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், மாடியில், கிழக்குப் பார்த்த அறையில். மஞ்சள் ஒயின் அறையின் சாவி இன்றும் அவளிடம்தான்.