ஆண் என்று வந்த அறிக்கை

முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் ‘ப்ரூஃபம்மா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அச்சில் வந்த எதையும் லேசில் நம்ப மாட்டார்.

எழுபது வயதில், மகள் நச்சரித்து ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். கெட்ட கொழுப்பு 182. தினம் ஒரு மாத்திரை என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து அறிக்கையை வரிவரியாகப் படித்தார்.

“இங்க பாரு, ஆண்னு போட்டிருக்கு. இது எவனோ ஒருத்தன் ரத்தம்.”

“டைப் பண்ணினவங்க தப்பும்மா.”

“இதுல விட்டவங்க நம்பர்ல விடமாட்டாங்களா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்.”

மறுநாள் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளி வேறொரு லேபில் கையை நீட்டினார். குழாயில் ஒட்டிய சீட்டைக்கூட வாங்கிப் பார்த்தார். மாலையில் வந்த அறிக்கையில் பிழையே இல்லை. கெட்ட கொழுப்பு 185.

வாயை மூடிக்கொண்டு மாத்திரையைத் தொடங்கினார். மூன்றாவது வாரம் மாடிப்படியில் கெண்டைக்கால் இரண்டும் கடுத்தன. மாத்திரை டப்பாவுக்குள் மடித்திருந்த தாளை எடுத்து, பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். ‘தசைவலி’ என்றிருந்தது. அன்றிலிருந்து மாத்திரைகள் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போயின. வலியும் மெல்லக் குறைந்தது.

இரண்டு வாரத்தில் மகள் கூட்டைத் திறந்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பாவும் நல்லாத்தானே இருந்தார், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழற நிமிஷம் வரைக்கும்.”

மறுநாள் ப்ரூஃபம்மா தானே டாக்டரிடம் போய், தாளைப் பிரித்துக் காட்டினார்.

“உங்க சந்தேகம் சரியா இருக்கலாம்மா. சிலருக்கு இப்படி வலி வரும். ஆனா சொல்லாம நிறுத்தினதுதான் தப்பு,” என்றார் டாக்டர். தசைக்கு ஏதும் பாதிப்பில்லை என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டு, வேறொரு மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்தார்.

இந்த முறை கால் வலிக்கவில்லை. மூன்று மாதத்தில் எண் 104க்கு இறங்கியது. ப்ரூஃபம்மா உடனே கேட்டார்: “இறங்கிடுச்சே, இனி நிறுத்திடலாம்தானே?”

“மாத்திரையாலதான் இறங்கியிருக்கு. நிறுத்தினா திரும்ப ஏறிடும்.”

டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதை அப்படியே எழுதிக் குடுங்க.”