சூளை மேல் காய்ந்த கவுன்

“…ஊர்ல இருக்கிறவங்கல்லாம் போட்டு வேர்த்த துணியை எம் பொண்ணு மேல அப்படியே எப்படிண்ணே போடுறது? அதான் சோப்புத்தூள்ல ஊறப்போட்டு அலசிட்டேன்” என்றபடி அந்தம்மா பிளாஸ்டிக் வாளியை என் தையல் மிஷின் பக்கத்தில் வைத்தார். வாளிக்குள், தண்ணீர் சொட்டச் சொட்ட, பட்டமளிப்பு விழாவுக்கான கருப்பு கவுன். விழா பத்து மணிக்கு. அப்போதே எட்டு தாண்டியிருந்தது. ராத்திரி பிடித்த மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது.

என் கடைக்கு எதிரே இருக்கிற அந்தச் சின்னக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஒரு வழக்கம். கவுனை முதல் நாளே வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். மறுநாள் கல்லூரிக்குள் இருக்கிற சர்ச் வாசலில் ஜெபம் முடிந்ததும் பெற்றவர்கள்தான் பிள்ளைக்குப் போட்டுவிட வேண்டும்; அப்புறம் அரங்கத்துக்கு ஊர்வலம். அந்தக் கவுன்களுக்கு வருஷா வருஷம் கிழிசல் தைப்பது நான். வீட்டுக்குப் போகிற துணியை ஒரு தாய் துவைத்துவிடுவாள் என்று எனக்கும் தோன்றவில்லை, கல்லூரிக்கும் தோன்றவில்லை.

“பொண்ணுக்குத் தெரியுமாம்மா?”

“அது ஒத்திகைக்குன்னு விடியவே போயிட்டுது. நான் எடுத்தாரேன், நீ போன்னு அனுப்பிட்டேன். கவுன் இல்லன்னா ஊர்வலத்துல வுட மாட்டாங்களாமே?”

விட மாட்டார்கள்தான். அவர்கள் வீட்டில் முதல் பட்டம் வேறு. இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். ஆவி பறந்ததே தவிர, உள்துணி ஈரம் அசையவில்லை.

“இட்டிலி அவியுற மாதிரி இருக்குது” என்று அந்த நேரத்திலும் ஒரு சிரிப்பு அவருக்கு. அடுத்த நிமிஷமே, “எங்க செராமிக் கொட்டாயில சூளை எரியுதுண்ணே. வண்டிய எடுங்க” என்றார்.

அவர் வேலை செய்கிற கொட்டகையில், சூளை மேல் பலகை பலகையாக, கரண்டு பெட்டியில் மாட்டுகிற பீஸ் கட்டைகள் சுடாத வெள்ளை மண்ணாகக் காய்ந்துகொண்டிருந்தன. சூளைக்காரர் கவுனைப் பார்த்தார்.

“என்னாக்கா, வக்கீல் ஆயிட்டியா? கேஸு யாரு மேல?”

“உம் மேலதான். பலகைய நவுத்து.”

அவர் சிரித்துக்கொண்டே நகர்த்தினார். கவுன் சூளை மேல் ஏறியது. அந்தம்மா நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டுத் தொட்டுப் பார்க்க, “நெருப்புக்கு நம்ம அவசரம் தெரியாதுக்கா, செத்த உக்காரு” என்றார் அவர். இப்படி ஒரு வார்த்தை கேட்டால் எனக்கு அன்றைக்கு முழுக்க அதுதான் சாப்பாடு.

துணி மொறமொறவென்று காய்ந்தது. ஆனால் மேலெல்லாம் வெள்ளை மண். அந்தம்மா தட்டத் தட்ட இன்னும் வெளுத்தது. கையும் மண், புடவையும் மண்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜெபம் முடிந்து, பிள்ளைகள் கருப்பு கவுனில் அரங்கத்துப் படிக்கட்டில் வரிசை கட்டி நின்றார்கள். ஒரு பெண் மட்டும் வெறும் புடவையில், வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். படிக்கட்டுக்குக் கீழேயே அந்தம்மா நின்றுவிட்டார்.

“பட்டுப்பொடவை வூட்டுல எடுத்து வச்சது வச்சபடி இருக்குது. இந்தக் கோலத்துல நான் வரலண்ணே. நீங்க போட்டுவுடுங்க.”

பெண் இறங்கி ஓடி வந்தாள். கவுனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“தொவைச்சியா?”

“ஆமாண்டி.”

“அடிப்பாவி அம்மா!” சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு குரல். நான் கவுனை விரித்துப் பிடித்தேன். அவள் கையை நீட்டவே இல்லை. “நீ போட்டாதான் போவேன். இல்லன்னா இப்படியே நிக்கிறேன், போ.”

உள்ளே பியானோ ஆரம்பித்துவிட்டது. வரிசை நகர்ந்தது. அந்தம்மா என் கையிலிருந்து கவுனைப் பிடுங்கினார். ஒரு கையை நுழைத்தார், இன்னொரு கையை நுழைத்தார், மகளை வரிசைக்குள் தள்ளினார். கழுத்துக் கொக்கி மாட்டவில்லை. வரிசை நிற்கவில்லை. அதை மாட்டிக்கொண்டே, மகளுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து நடந்து, படியேறி, ஊர்வலத்தோடு அரங்கத்துக்குள் போய்விட்டார்.